மிட்ஃபீல்டுக்கு ஆறு பேர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒன்பது மணிக்கு மோகன் அண்ணன் தன் ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி தூக்கினார். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிர் வரிசையில் இருக்கும் கடை. ஞாயிறன்று ஆபீஸ் கிடையாது, அதனால் வியாபாரமும் கிடையாது. எங்களுக்கு உட்கார இடம் உண்டு.

2. நான் கொண்டுபோன பெரிய தாளை அவர் கண்ணாடிக் கதவில் டேப் போட்டு ஒட்டினார்.

3. எங்கள் கால்பந்து கிளப்பின் ரசிகர்கள் ஏழெட்டுப் பேர் அதைப் படித்தார்கள். ஐந்து நிமிடம் யாரும் யாரையும் மறுத்துப் பேசவில்லை. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

4. ரவி குருக்கள், "அப்ப ஏழுமலை வேணாம்" என்றார்.

5. மோகன் அண்ணன் தாளைப் போட்டோ எடுத்து கோச்சுக்கு அனுப்பினார். கோச் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினார்.

6. யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பிப் பார்த்தால் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார்.

7. அவர் கையில் ஆதார் அட்டை. புது சீசனுக்குப் பெயர் கொடுக்க அதன் நகல் வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்கிறார்.

8. மோகன் அண்ணன் மெஷினைப் போட்டார்.

அந்த மெஷின் சூடாக இரண்டு நிமிடம் ஆகும். இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஏழுமலை கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். சட்டைத் தோளில் சாமந்தி இதழ்கள் இரண்டு ஒட்டியிருந்தன. விரலைத் தாளில் வைத்து, தன் பெயர் இருந்த வரியை இடமிருந்து வலமாகப் படித்தார்.

"இது நீ போட்டதாம்மா?"

ஆமாம் என்றேன்.

"கணக்கு சரியாத்தான் இருக்குது" என்றார். "எனக்கே தெரியுது. பந்து கால்ல நிக்க மாட்டேங்குது."

நகலை வாங்கினார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். கோபமாகப் போயிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

காவிச் சட்டை

போன அத்தியாயத்தில் எங்கள் சர்வே ஆபீஸ் குடை கிணற்றில் விழுந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, 'எப்போதும் அளந்துகொண்டே இருக்கிறீர்களே, வேறு பொழுதுபோக்கு இல்லையா?' என்று கேட்டிருந்தார். இருக்கிறது. அங்கும் அளந்துகொண்டுதான் இருக்கிறேன்.

மலைச்சுற்று கால்பந்துக் கழகம் என்று ஒன்று எங்கள் ஊரில் இருப்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மாவட்ட லீக்கில் ஆடுகிறோம். 'ஆடுகிறோம்' என்று சொல்கிறேனே தவிர, நான் பந்தை உதைத்தது மொத்தமே நாலு தடவை இருக்கும். ரசிகர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம்.

சட்டை ஆரஞ்சு நிறம். முதல் வருடம் சட்டை தைத்துக் கொடுத்த லாட்ஜ்காரர் அந்த நிறத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். அன்றிலிருந்து வெளியூர் போனால் எங்களுக்குப் பெயர் 'சாமியார் டீம்'. ஆரணியில் ஒரு தடவை எங்கள் ஆள் பந்தைத் தொலைத்துவிட்டுத் திரும்பி ஓடியபோது, எதிர் ரசிகர் ஒருவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "சாமி, அன்னதானம் அந்தப் பக்கம்." நாங்களே சிரித்துவிட்டோம்.

எங்கள் கோச் டேவிட் சார் வேலூரில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். அதனால் வருடா வருடம் சீசனுக்கு முன்னால் ரசிகர்களாகிய நாங்கள் கூடி, யார் எந்த இடத்தில் ஆடலாம் என்று எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. முடிவு அவருடையது. ஆனால் அவர் எங்கள் தாளைப் படிக்காமல் முடிவெடுத்ததில்லை.

லீக்குக்கு அந்த வாரம் வியாழக்கிழமைக்குள் இருபது பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு சீசன் முடியும்வரை ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது. ஏழுமலைக்கு முப்பத்தொன்று ஆகிறது. ஒரு சீசன் வெளியே உட்கார்ந்தால் அந்த வயதில் யாரும் திரும்பி வருவதில்லை. அந்த ஞாயிறன்று கடையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும்.

பஸ் வரும் வரை

நான் எண்ண ஆரம்பித்தது கல்லூரியில் படிக்கும்போது. செங்கம் ரோட்டில் மைதானத்துக்கு எதிரேதான் பஸ் நிறுத்தம். என் டவுன் பஸ் நேரத்துக்கு வரும் ரகம் இல்லை. எதிரே சிலர் பந்து ஆடினார்கள். முதல் நாள் சும்மா பார்த்தேன். இரண்டாம் நாள், ஒருவர் எத்தனை தடவை பந்தைத் தன் ஆளுக்கே சரியாகக் கொடுக்கிறார் என்று எண்ணினேன். மூன்றாம் நாள் சிவில் டிராயிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டேன்.

அந்த நோட்டில் முதலில் எழுதிய பெயர் 'பச்சை சாக்ஸ்'. அது ஏழுமலை என்று பிறகுதான் தெரிந்தது.

படிப்பு முடிந்து வேங்கிக்காலில் ஒரு தனியார் சர்வே ஆபீஸில் சேர்ந்தேன். மனைப் பிரிவுகளுக்கு அளவு எடுப்போம், தரை மட்டம் பார்ப்போம். ஆபீஸ் தாள்களை நகல் எடுக்க மோகன் அண்ணன் கடைக்குப் போனேன். அங்கே மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஆரஞ்சு சட்டையில் பதினோரு பேர் நிற்கும் படம். "இதுல பச்சை சாக்ஸ் யாருங்க?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியோடு நானும் கூட்டத்தில் சேர்ந்தேன்.

முதல் வருடம் என்னை 'மேடம்' என்றார்கள். ஒரு பொம்பளைப் பிள்ளை நோட்டும் கையுமாக வந்து நிற்பது சிலருக்குப் பழகவில்லை. இரண்டாம் வருடம் ஒரு மேட்சில் எங்களுடைய தோல்விக்கு யார் காரணம் என்று பெரிய சண்டை வந்தது. நான் நோட்டைத் திறந்து படித்தேன். சண்டை நின்றது. அதிலிருந்து 'நித்யா', கிண்டல் பண்ணும்போது 'இன்ஜினியரம்மா'.

கடையில் வாக்குவாதம் வந்தால் இப்போது முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

தர்ம தரிசனம், ஸ்பெஷல் தரிசனம்

இந்த வருடம் பிரச்சினை மிட்ஃபீல்டில். ஐந்து வருடமாக நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தியவர் துபாய் போய்விட்டார். மீதம் ஆறு பேர். பட்டியலில் ஐந்து பேருக்குத்தான் இடம். ஆறில் நாலு பேரைப் பற்றிச் சண்டை இல்லை. மிச்சம் இரண்டு பேர், இருவரும் வலது பக்கம் ஆடுகிறவர்கள்: ஏழுமலை, பிரவீன்.

பிரவீன் போளூர்ப் பையன். இங்கே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வேகம். முடியை ஒரு பக்கம் மழித்திருப்பான். குருக்களுக்கு அவனைப் பார்த்த நாளிலிருந்து பிடித்துவிட்டது.

ரவி குருக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணாமலையார் கோவிலில் பூஜை முறை இருக்கும் குடும்பம். வேட்டிக்கு மேல் ஆரஞ்சு சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட்டத்துக்கு வருவார். சாயங்கால பூஜைக்கு நேரமானால் இரண்டாவது பாதி நடுவில் எழுந்து ஓடுவார். ஓடும்போதே, ஸ்கோரை போனில் அனுப்பச் சொல்லுவார். பூஜை முடிந்த பிறகுதான் பார்ப்பார். அதில் அவர் கறார்.

அவருடைய வாதம் இப்படி இருந்தது. மிட்ஃபீல்டு என்பது கோவில் க்யூ. ஏழுமலை தர்ம தரிசனம்: நிதானமாக, வரிசையாக, எல்லோரையும் நகர்த்திக்கொண்டு போவார், நேரமாகும். பிரவீன் ஸ்பெஷல் தரிசனம்: நேராக உள்ளே. "கோல் போடணும்னா நேரா உள்ள போறவன்தான் வேணும்" என்றார்.

மோகன் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. நேராக உள்ளே போகிறவன் பத்துத் தடவையில் ஆறு தடவை முட்டிக்கொண்டு நிற்பான், நடுவில் பேப்பர் மாட்டின மெஷின் மாதிரி மொத்த டீமும் நிற்கும் என்றார். துபாய்க்குப் போனவர் இடத்தில் ஏழுமலையையே நடுவில் நிறுத்தினால் என்ன என்றும் கேட்டார். நடுவில் ஆட இரண்டு பேர் போதுமா மூன்று பேர் வேண்டுமா என்பதில் இன்னொரு கிளைச் சண்டை போனது. மூன்று வாரம் பேசினோம். வாட்ஸாப்பில் பேசியதைச் சேர்க்கவில்லை.

கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிரவீன் புதியவன் என்பதால் அவன் லீக்கில் ஆடிய கணக்கு என்னிடம் இல்லை. அதனால் இருவரும் இருந்த மூன்று பயிற்சி ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். பழைய ஆட்கள் ஒரு அணி, புதியவர்கள் ஒரு அணி. மூன்றையும் போனில் வீடியோ எடுத்திருந்தேன். ஒவ்வொருவரும் எத்தனை தடவை பந்தை வாங்கினார்கள், எத்தனை தடவை தொலைத்தார்கள் என்று இரண்டு வாரம் உட்கார்ந்து எண்ணினேன்.

பட்டியலில் ஏழுமலை கடைசி. கொஞ்ச வித்தியாசத்தில் இல்லை, ரொம்பக் கீழே.

கண்ணாடிக் கதவில் ஒட்டியது அந்தத் தாளைத்தான்.

கருவி எங்கே நின்றது

திங்கட்கிழமை கீழ்நாத்தூர்ப் பக்கம் ஒரு மனைப் பிரிவில் வேலை. நான் கருவியில் மட்டம் பார்ப்பேன். சுமதி அக்கா அளவுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லும் இடத்தில் போய் நிற்பார்.

வேலையில் ஒரு முதல் விதி உண்டு. கருவி எங்கே நிற்கிறது, கம்பம் எங்கே நிற்கிறது என்று எழுதிய பிறகுதான் அளவை எழுத வேண்டும். இடம் எழுதாத அளவு வெறும் எண். அதை வைத்து ஒரு சாக்கடைகூட வெட்ட முடியாது.

அன்றைக்கும் வழக்கம்போல் இடத்தை எழுதினேன். எழுதிய கையோடு பேனா நின்றுவிட்டது.

என் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் இடம் என்று ஒரு கட்டமே இல்லை.

"என்னாச்சு, வெயிலா?" என்று சுமதி அக்கா தூரத்திலிருந்து கேட்டார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மூன்று வீடியோவையும் மறுபடி போட்டேன். இந்தத் தடவை யார் தொலைத்தார்கள் என்று பார்க்கவில்லை, எங்கே தொலைத்தார்கள் என்று மட்டும் புள்ளி வைத்தேன். சாப்பிடக் கூப்பிட்டபோது முதல் ஆட்டம் முடிந்திருந்தது. அதிலேயே தெரிந்துவிட்டது.

எங்கள் மைதானத்தில் மலையைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் கேட், இடது கைப் பக்கம் வேப்பமரங்கள். புள்ளிகளெல்லாம் கேட் பக்கமே குவிந்திருந்தன. ஏழுமலை அங்கேதான் தொலைத்திருந்தார். அவருக்கு எதிரே அதே பக்கத்தில் ஆடிய புதியவர் அணிப் பையனும் ஏறக்குறைய அதே அளவு தொலைத்திருந்தான். அவன் கணக்கு மோசமாக இருந்தது எனக்கு முன்பே தெரியும். புதுப் பையன், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஏழுமலை மூன்று ஆட்டமும் ஏன் கேட் பக்கமே ஆடினார்? எங்கள் ஊர் வழக்கம்தான் காரணம். இங்கே வீடு கட்டுகிறவர் எங்களிடம் முதலில் கேட்பது, மாடியிலிருந்து மலை தெரியுமா என்றுதான். பந்து ஆடுகிறவர்களும் அப்படித்தான். பழைய ஆட்கள் மலையைப் பார்த்துத்தான் கோல் அடிப்பார்கள். மலைக்கு முதுகு காட்டும் பக்கம் புதியவர்களுக்கு. லீக் ஆட்டமென்றால் பாதியில் பக்கம் மாறும். பயிற்சியில் வெளிச்சம் போய்விடும் என்று மாறுவதில்லை. ஆகவே வலது பக்கம் ஆடும் ஏழுமலைக்கு எப்போதும் கேட் பக்கம். எதிரணியில் வலது பக்கம் ஆடும் பிரவீனுக்கு எப்போதும் வேப்பமரப் பக்கம்.

சரி, கேட் பக்கத்தில் என்ன? அது இன்னும் வெட்கக்கேடு. பௌர்ணமிக்கு பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்காக எங்கள் மைதானம் தற்காலிக பஸ் ஸ்டாண்டு. பஸ்கள் கேட் வழியாக வந்து அந்த ஓரமாகவே வரிசையில் நிற்கும். இந்த வருடம் சித்ரா பௌர்ணமியன்று மழை. சக்கரங்கள் சேற்றில் இறங்கிவிட்டன. மறு ஞாயிறு நாங்களே மண்வெட்டி எடுத்துப் போய், இரண்டு டிராக்டர் மண்ணைக் கொட்டி, பள்ளத்தை நிரவினோம். புல்லும் முளைத்துவிட்டது. பார்க்கச் சமமாக இருந்தது. மண் கொட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அமுக்காத மண் இறங்கும் என்பது என் படிப்பில் முதல் வருடப் பாடம்.

பஸ் ஸ்டாண்டு கட்டுறாங்களா?

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மட்டம் பார்க்கும் கருவியோடு மைதானத்தில் இருந்தேன். ஒன்பது மணிக்குள் திருப்பிக் கொண்டுவருவேன் என்று சொல்லி முதலாளியிடம் வாங்கியது. அவர் எதற்கு என்று கேட்டார். மிட்ஃபீல்டுக்கு என்றேன். சரி என்றார்.

மோகன் அண்ணன் கம்பத்தைப் பிடித்தார். காலைப் பூஜைக்குப் பின் குருக்களும் வந்துவிட்டார். கம்பத்தை நேராகப் பிடிக்க வேண்டும், சாய்ந்தால் அளவு தப்பும் என்று நான் சொல்லச் சொல்ல, மோகன் அண்ணன் தானும் விறைப்பாக நின்றார்.

"அண்ணா, கம்பம் நின்னா போதும். நீங்க மூச்சு விடலாம்."

நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் குருக்களிடம், இங்கே நிரந்தர பஸ் ஸ்டாண்டு கட்டப்போகிறார்களா என்று விசாரித்தார். இன்னொருவர், அப்படியானால் தன் மனைக்கு விலை ஏறும் என்று சந்தோஷப்பட்டார். குருக்கள் மறுத்துப் பேசவில்லை.

வேப்பமரப் பக்கம் தரை நன்றாக இருந்தது. கேட் பக்கம் நீளவாக்கில் மூன்று வாய்க்கால்கள், புல்லுக்கு அடியில் மறைந்து. சில இடங்களில் இரண்டு விரல் ஆழம். ஓடுகிறவர் காலுக்குத் தெரியாது. உருண்டு வரும் பந்துக்குத் தெரியும்.

குருக்கள் பந்து ஒன்றை உருட்டிவிட்டுப் பார்த்தார். நேராகப் போன பந்து கடைசியில் ஒரு சின்னத் துள்ளல் துள்ளி விலகியது. மறுபடி உருட்டினார். மறுபடி விலகியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"நான்தான முதல்ல வேணாம்னு சொன்னேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ கணக்குதான் குடுத்த. வேணாம்னு சொன்னது நான்."

கணக்கு கொடுத்ததும் தப்புதான் என்றேன். எங்கள் வாட்ஸாப் குழுவில் அப்போதே எழுதிப் போட்டேன்: என் தாள் தவறு, அதை யாரும் கணக்கில் எடுக்க வேண்டாம், காரணம் இது. கீழே படம். முதலில் வந்த பதில்: 'ஊருக்கெல்லாம் மட்டம் பாத்த இன்ஜினியரம்மா.' அதற்கு நாற்பது சிரிப்பு. எனக்கு நன்றாக வேண்டும்.

டேவிட் சார் போன் செய்தார். அவர் சொன்னது நியாயம். ஏழுமலை மோசம் என்பதற்கு ஆதாரம் போய்விட்டது, நன்றாக ஆடுகிறார் என்பதற்கு ஆதாரம் வரவில்லை. புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து வருகிறேன், பக்கம் மாற்றி ஒரு ஆட்டம் வைக்கலாம் என்றார். "ஆனா ஏழுமலை வருவானா? நேத்தே எனக்கு மெசேஜ் போட்டுட்டான், பேரு வேணாம் சார்னு."

அடி அண்ணாமலை

கருவியை ஆபீஸில் வைத்துவிட்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே போகும் மண் ரோட்டில் அவர்கள் சாமந்தித் தோட்டம். ஏழுமலையும் அவர் மனைவி கலாவும் பூப் பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை நிறுத்துவதற்குள் கலா அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க. இவரை வீட்ல உக்கார வெச்சது நீங்கதான?"

ஆமாம் என்றேன்.

"எனக்கு நல்லதுதான். ஞாயித்துக்கெழம ஆள் தோட்டத்துல இருப்பாரு. ஆனா ரெண்டு நாளா பேசவே மாட்டேங்கறாரு. அதுக்கு ஆடவே போயிருக்கலாம்."

ஏழுமலை மடியிலிருந்த பூவைக் கூடையில் கொட்டிவிட்டு வந்தார். நான் வரிசையாகச் சொன்னேன்: இடம் எழுதாதது, மலையைப் பார்த்து ஆடும் வழக்கம், பஸ், மழை, நாங்கள் கொட்டிய மண். தாளில் வரைந்தும் காட்டினேன். அவர் தாள்மேல் குனிந்து கேட்டார். கலா அக்காவும் கூடையை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த எடத்துலதான்" என்றார் ஏழுமலை மெதுவாக. "பந்து வரும், காலை வைப்பேன், இருக்காது. கண்ணு போச்சானு நெனச்சேன். வயசு ஆயிடுச்சு, கால் பேச்சு கேக்க மாட்டேங்குதுனு நெனச்சிக்கினு இருந்தேன்."

"தப்பு என்னுதுண்ணா."

"அப்ப கால் நல்லாருக்குதா?"

ஆமாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் அவர் நம்பியிருப்பார். ஞாயிறன்று நான் எழுதியதையும் அப்படித்தான் நம்பினார்.

"தெரியாதுண்ணா. தரை நல்லா இல்ல, அது மட்டும்தான் தெரியும். கால் எப்படினு நாளைக்கு ஆடுனாதான் தெரியும்."

அவர் சிரித்தார். அந்த வாரம் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"சாக்ஸைத் தொவைச்சுப் போட்டியா?" என்று கலா அக்காவைக் கேட்டார். கலா அக்கா என்னைப் பார்த்து, "பாத்தீங்களா, பேச்சு வந்துடுச்சு" என்றார். போகும்போது ஒரு பை நிறையப் பூ கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

மலைக்கு முதுகு

புதன்கிழமை மாலை நாலு மணிக்கே வெயில் இறங்கியிருந்தது. டேவிட் சார் பக்கம் மாறச் சொன்னதும் பழைய ஆட்கள் நெளிந்தார்கள். முடியாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் நகரவும் இல்லை. கோல்கீப்பர் மட்டும், பழக்கம் இல்லை சார் என்றார்.

எல்லோரும் குருக்களைப் பார்த்தார்கள்.

"மலை எங்கயும் போயிடாது" என்றார் குருக்கள். "முதுகைக் காட்டி ஆடுங்க, அவர் கோவிச்சுக்க மாட்டார். பந்தை விட்டீங்கன்னா நான் கோவிச்சுக்குவேன்."

நகர்ந்தார்கள்.

ஏழுமலை வேப்பமரப் பக்கம். பிரவீன் கேட் பக்கம். முதல் பத்து நிமிடத்தில் பிரவீன் நாலு தடவை பந்தைத் தொலைத்தான். நாலாவது தடவை தரையைக் குனிந்து பார்த்தான். குருக்கள் வேட்டி நுனியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

ஏழுமலைக்கு முதல் பந்து வந்தபோது நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். காலை வைத்தார். பந்து இருந்தது. அதை ஒரு நொடி பார்த்துவிட்டு, நடுவில் நின்ற ஆளுக்குக் கொடுத்தார். ரொம்ப எளிமையான பாஸ். மோகன் அண்ணன் பக்கத்திலிருந்து "எழுது, எழுது" என்றார்.

முதல் பாதி முழுவதும் அவர் தொலைத்தது இரண்டே தடவை. பந்தை வாங்குவார், யாராவது வந்து சேரும்வரை வைத்திருப்பார், கொடுப்பார். டீமே அவரைச் சுற்றி நிதானமானது. இரண்டாவது பாதியில் கடைசி இருபது நிமிடம் மூச்சு வாங்கினார். அதையும் எழுதினேன். அவருக்காக ஒரு கோடுகூடக் குறைக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் டேவிட் சார் என் நோட்டை வாங்கிப் படித்தார். ஏழுமலை முதல் பாதிக்கு, பிரவீன் இரண்டாவது பாதிக்கு, இரண்டு பேரும் வேண்டும் என்றார். ஆனால் இருபது பெயரில் இடம் இல்லை. யார் பெயரை நீக்குவது என்று பேச்சு வந்தது. தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் புல்லைப் பார்த்தார்கள்.

"மூணாவது கோல்கீப்பர் யாரு?" என்று மோகன் அண்ணன் கேட்டார்.

மூன்றாவது கோல்கீப்பர் மோகன் அண்ணன்தான். ஆறு வருடமாகப் பட்டியலில் பெயர் இருக்கிறது. ஒரு ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை. ஆனால் பெயரும் எண்ணும் போட்ட சட்டை ஒன்று அவர் வீட்டுக் கொடியில் ஞாயிறு தவறாமல் காயும்.

"என்னுதை எடுத்துடுங்க சார்" என்றார். "சட்டையைத் திருப்பித் தர மாட்டேன்."

இப்போது

பட்டியல் வியாழக்கிழமை நாலு மணிக்குப் போய்விட்டது. அதில் மிட்ஃபீல்டுக்கு ஆறு பேர். ஏழுமலையின் ஆதார் நகல் நாலாக மடிந்த கோட்டோடு அப்படியே போயிருக்கிறது. புதிதாக ஒன்று எடுத்துத் தருகிறேன் என்று மோகன் அண்ணன் சொன்னார், இதுவே போதும் என்றுவிட்டார்.

கேட் பக்கத்தை வெட்டி, மண் போட்டு, தண்ணீர் விட்டு, உருளை ஓட்டி அமுக்கும் வேலையை வருகிற ஞாயிறு ஆரம்பிக்கிறோம். மட்டம் நான் பார்ப்பேன். அடுத்த பௌர்ணமிக்குப் பஸ்கள் வரும். அதற்குப் பிறகு மறுபடி பார்ப்பேன்.

நடுவில் இரண்டு பேரா மூன்று பேரா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. குருக்கள் இப்போது மூன்று என்கிறார், அதில் ஒருவர் ஏழுமலை என்கிறார்.

முதல் ஆட்டம் இன்னும் பத்து நாளில், வெளியூரில். அந்தத் தரையில் ஏழுமலை முதல் பாதி எப்படி ஆடுவார் என்று எனக்குத் தெரியாது. பெயர் இருக்கிறது.